ஆட்டுக்குழல்

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது
என்கிறது வாடகை ஒப்பந்தத்தின் ஏழாம் வரி.
முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன
ஒற்றை ஆணி மட்டும் இருந்தது.
அதற்கு ஒரு சாண் கீழே
பழுப்பாய் ஓர் ஈரக்கறை,
உட்கார்ந்திருக்கும் பன்றியைப் போல.

மேசையில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும்
பன்றி என்னைத்தான் பார்த்தது.

ஈசல்மியில் ஜூலை மாதம்
இரவு பதினோரு மணிக்கும் வெளிச்சம் போகாது.
தூக்கம் வராதவளுக்கு அது ஒரு வசதி.
ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் வேலை முடிந்து
(வியாழக்கிழமை, பட்டாணி சூப்,
என் தலைமுடியிலும் பட்டாணி சூப்)
கடையின் பின்புறம் போனேன்.
சரக்கு அடுக்கும் மரத்தட்டு, மூலை உடைந்தது.
எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன்.
அந்தப் பையன் காதிலிருந்து எதையோ கழற்றி
"எதை?" என்றான்.
சம்மதமென்று வைத்துக்கொண்டேன்.

சுத்தியல் இல்லை.
பங்கு பிரித்தபோது அது அவன் பக்கம் போயிற்று.
இறைச்சி தட்டும் கட்டையால்
பலகைகளைத் தட்டிப் பிரித்தேன்.
ஸ்டீல் நாரை வினிகரில் இரண்டு நாள் ஊறவிட்டு
அந்தத் தண்ணீரைப் பூசினால்
போன வருஷத்து மரம்
நாற்பது வருஷக் கொட்டகை மரமாகிவிடும்.
எனக்கு ஒரு பிப்ரவரி போதுமாயிருந்தது.

கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில்
யாரும் நடாமல், யாரும் கேட்காமல்
மும்மூன்றாய்ப் பிரியும் இலை,
மேலே சல்லடை போல வெள்ளைப் பூக்குடை.
ஆட்டுக்குழல் என்பார்கள் இங்கே.
ஆடுகளுக்கு அது தெரியுமா, தெரியாது.

தொண்ணூற்றேழாம் வருஷத் தொலைபேசிப் புத்தகத்தில்
கே எழுத்துப் பக்கங்களுக்கு நடுவே படுக்கவைத்து
மேலே இரும்பு வாணலி,
வாணலிக்குள் ஐந்து கிலோ உருளைக்கிழங்கு.
மூன்று வாரம்.
பசிக்கிற நாளெல்லாம் பாரம் குறைந்தது.

ரை மாவில் காய்ச்சிய பசை.
சணல் கயிறு. உப்புத்தாள் ஒன்று.
மொத்தம் மூன்று யூரோ இருபது சென்ட்.
கண்ணாடிக்கு முப்பது கேட்டார்கள்,
அதனால் கண்ணாடி இல்லை:
தூசி வரட்டும், ஈயும் வந்து பார்க்கட்டும்.

பன்றி மறைந்தது.

செப்டம்பரில் குழாய்க்காரர் வந்தார்.
தெர்ஹோ என்று பெயர், ஓக் மரத்தின் காய் என்று பொருள்.
பூட்சைக் கழற்றினார், ஒரு காலுறையில் ஓட்டை.
படத்தை இறக்கினார்,
இறக்கியவர் கீழே வைக்கவில்லை.

"இதைப் போய் மாட்டியிருக்கிறீர்களே."
"ஏன்?"
"பதினோரு வருஷமாய் இதைத் தோண்டுகிறேன்.
விரல்நீள வேர் மிஞ்சினால் போதும்,
அடுத்த கோடையில் பாத்தி அதனுடையது.
உருளைக்கிழங்கை விட்டுக்கொடுத்தோம்,
இப்போது பெர்ரிச் செடிகளைக் கேட்கிறது."

ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.
பிறகு, என்னிடம் இல்லை, பலகையிடம்:
"இலை இவ்வளவு ஒழுங்காய் இருக்குமா?
நான் இதன் கழுத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்."

படத்துக்குப் பின்னால்
பன்றி குட்டி போட்டிருந்தது.

சுவரை வெட்டினார்கள், குழாயை மாற்றினார்கள்,
ஒன்பது நாள் ஒரு மின்விசிறி
பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்து உலர்த்தியது.
வெள்ளை பூசினார்கள். ஆணி போயிற்று.
ஏழாம் வரியைச் சொன்னேன்.
"நான் குழாய்க்காரன், எனக்குப் படிக்கத் தெரியாது"
என்று பையிலிருந்து ஓர் ஆணி எடுத்து அடித்தார்
தெர்ஹோ, ஒரே அடி.

மறுநாள் கதவருகே கறுப்புப் பை ஒன்று,
நிறைய ஆட்டுக்குழல், மண்ணோடும் வேரோடும்.
அட்டையில் கோணல் எழுத்து:
இன்னும் இருக்கிறது.

நல்ல இலைகள் நான்கைப் பொறுக்கிக்கொண்டு
தொலைபேசிப் புத்தகத்தைத் திறந்தேன்.
போன தடவைச் சாறு
என் பழைய குடும்பப்பெயர்க்காரர்கள் பதினான்கு பேர்மீது
பச்சையாய் இறங்கிக் காய்ந்திருந்தது.
எண்களை வாசிக்க முடிந்தது. வாசித்தேன்.
பிறகு அதே பக்கத்தில்
புதிய இலையை வைத்து மூடினேன்.

வேர்களைத் தனியே கட்டிவைத்திருக்கிறேன்.
எங்கே எறிந்தால் முளைக்காது என்று
இந்த ஊரில் யாரும் சொல்ல மாட்டேனென்கிறார்கள்.